எள்ளளவு வண்டு தந்த தொழில் பாடம்



செம்பனைக் குலையைப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. தோட்டத்தில் இருப்பவர்கள் அதை வெட்டித் தள்ளுகிறார்கள், உதிரிப்பழம் பொறுக்குகிறார்கள். பட்டணத்தில் இருப்பவர்கள் அது லாரியில் குவிந்து போவதைப் பார்க்கிறார்கள். அந்த லாரிக்குப் பின்னால் காரில் மாட்டிக்கொண்டு அலுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் குலையில் பழங்கள் அத்தனை நெருக்கமாகப் பிடிப்பதற்கு எள்ளைவிடச் சற்றுப் பெரிய ஒரு வண்டு காரணம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வண்டு 1981ஆம் ஆண்டில்தான் ஆப்பிரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

"தொழிலும் வியாபாரமும் பேசுகிற பக்கத்தில் பூச்சிக் கதை எதற்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஒரு கம்பெனி எப்படிப் பெரிதாகிறது என்று நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "பணம் இருந்தது, நிலம் இருந்தது, மேலிடத்து ஆதரவு இருந்தது, வளர்ந்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பணமும் நிலமும் வேண்டியவைதான். ஆனால் அவை இரண்டும் நிறைய இருந்தும் படுத்துப்போன கம்பெனிகள் எத்தனையோ உண்டு. கம்பெனியை வளர்ப்பவை வேறு மூன்று. ஒன்று, அதற்குத் தெரிந்த விஷயம். இரண்டு, தெரிந்ததைச் செய்து முடிக்கிற திறன். மூன்று, தன்னிடம் இல்லாததை யாரோடு சேர்ந்து பெறலாம் என்று அறிந்து சேர்கிற கூட்டு. இந்த மூன்றையும் விளக்க அந்த வண்டின் கதையைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை.

காற்றா, பூச்சியா?

செம்பனையின் தாய்வீடு மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அந்த வம்சத்தின் விதைகள்தான் பின்னர் சுமத்ராவுக்கும் மலாயாவுக்கும் வந்தன. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் வியாபார முறையில் செம்பனை நட்டார். மரம் இங்கே நன்றாகவே வளர்ந்தது. ஆனால் மரம் வந்ததே தவிர, ஆப்பிரிக்காவில் அதனோடு கூடி வாழ்ந்த பூச்சி வரவில்லை. வரவில்லை என்பதையே வெகு காலம் யாரும் கவனிக்கவில்லை.

செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில், ஆனால் வெவ்வேறு காலத்தில் வரும். ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்தின் பெண் பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். காற்று கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது பாடப்புத்தகம் சொன்ன முடிவு. ஆனால் நம் நாட்டுத் தோட்டங்களில், முக்கியமாக இளம் மரங்களிலும் சபாவிலும், குலைகளில் பழம் பிடிப்பது மோசமாக இருந்தது. பூ நிறைய, பழம் குறைவு.

இதற்குத் தோட்ட நிர்வாகங்கள் கண்ட வழி, ஆள் வைத்து மகரந்தம் தூவுவது. அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண் பூவை வெட்டி எடுத்து, உதறி, காயவைத்து, சலித்து, டால்கம் பவுடரோடு கலந்து, ஊதுகுழல் போன்ற கருவியில் அடைத்துக்கொண்டு மரம் மரமாகப் போக வேண்டும். பெண் பூ விரிந்து ஏற்கும் நிலையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். ஆகவே ஒவ்வொரு மரத்தையும் சில நாளுக்கொரு முறை சுற்றி வந்தாக வேண்டும். எந்தப் பூ இன்று தயார், எது நாளைக்குத் தயார் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிய வேண்டும். மட்டை முள்ளுக்குள் கையை விட வேண்டும். மரம் உயர உயர வேலையும் கடினம். கூலி, மேற்பார்வை என்று கம்பெனிக்கும் பெருஞ்செலவு. உங்களில் சிலருடைய தாயாரோ பாட்டியோ அந்த வேலையைச் செய்தவர்களாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், இந்தக் கட்டுரையைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

இருபது ஆண்டு உறங்கிய கேள்வி

லெஸ்லி டேவிட்சன் என்பவர் 1951இல் யூனிலிவர் கம்பெனியின் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். சோப்பும் மார்ஜரினும் செய்கிற அந்தப் பெரிய கம்பெனிக்கு மலாயாவிலும் தோட்டம் இருந்தது. ஆப்பிரிக்காவின் காமரூனிலும் தோட்டம் இருந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் டேவிட்சன் காமரூனுக்கு மாற்றலாகிப் போனார். அங்கே அவர் கண்டது இதுதான்: யாரும் மகரந்தம் தூவவில்லை, ஆனால் குலைகள் நிறைந்து காய்த்தன, செம்பனைப் பூக்களில் சிறு வண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. திரும்பி மலேசியாவுக்கு வந்து பார்த்தால் அந்த வண்டுகள் இங்கே இல்லை. "இந்தப் பூச்சிதான் வேலையைச் செய்கிறதோ?" என்று அவருக்குத் தோன்றியது. மேலே கேட்டார். "அது காற்றால் நடப்பது" என்ற பதில்தான் வந்தது.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஒரே கம்பெனி. நோய் ஒரு நாட்டில், மருந்து இன்னொரு நாட்டில். இரண்டும் அதே கம்பெனியின் வேலிக்குள். நடுவில் அதைக் கண்ணால் கண்ட ஒரு மனிதரும் இருந்தார். அப்படியிருந்தும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. காரணம், சொன்னவர் அப்போது சிறிய இடத்தில் இருந்தார். கேட்டவர்களிடம் புத்தகத்து விடை தயாராக இருந்தது.

அறிவு கம்பெனிக்குள் இருப்பது வேறு, கம்பெனிக்கு அது பயன்படுவது வேறு. எடித் பென்ரோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1959இல் நிறுவனங்களின் வளர்ச்சியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் முழுதாகப் பயன்படாத ஆற்றல் எப்போதும் கொஞ்சம் கிடக்கிறது, அதைக் கண்டு பயன்படுத்துவதில்தான் வளர்ச்சி பிறக்கிறது என்பது அதன் சாரம். பெரிய கம்பெனிக்கு மட்டுமா இது பொருந்தும்? நாலு பேர் வேலை செய்கிற பட்டறையிலும், பெரியவர் சொல்வது மட்டுமே சட்டம், சின்னப் பையன் கண்டது கணக்கில் இல்லை என்று இருந்தால், அந்தப் பட்டறைக்குள்ளும் ஒரு வண்டு உறங்கிக்கொண்டிருக்கும்.

மூவர் சேர்ந்து செய்த வேலை

எழுபதுகளில் டேவிட்சன் லண்டனில் யூனிலிவரின் தோட்டப் பிரிவில் உயர் பொறுப்புக்கு வந்தார். பழைய கேள்வியை அவர் மறக்கவில்லை. ஆனால் இப்போதும் "எனக்குத் தெரியும், வண்டைப் பிடித்து வாருங்கள்" என்று உத்தரவு போடவில்லை. தன் கம்பெனியில் பூச்சியியல் தெரிந்தவர்கள் போதவில்லை என்பதை உணர்ந்து, அதற்கென்றே இருந்த கொமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தை நாடினார். அங்கிருந்து வந்தவர் ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானிய அறிஞர்.

சையத் காமரூனுக்குப் போய் முறையாகச் சோதித்தார். பூச்சியை அண்டவிடாமல் பூங்கொத்தை மறைத்தால் பழம் பிடிக்கிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனையின் அடிப்படை. பூச்சி இல்லாத இடத்தில் காற்று பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. பல வகை வண்டுகளில் எலைடோபியஸ் காமரூனிக்கஸ் என்ற கூன்வண்டு மிகப் பொருத்தமானது என்று கண்டார். இந்த வண்டு குடும்பம் நடத்துவதெல்லாம் ஆண் பூங்கொத்தில்தான். பெண் பூவும் அதே சோம்பு வாசனையை இடையிடையே வீசுவதால், வண்டு அங்கேயும் போய்விடுகிறது. அங்கே அதற்கு உணவு இல்லை. ஏமாந்து திரும்புகிறது. அந்த ஏமாற்றத்தில்தான் உடம்பில் ஒட்டிய மகரந்தம் பெண் பூவில் விழுகிறது.

வண்டு எது என்று தெரிந்துவிட்டது. உடனே கப்பலேற்றிவிடலாமா? கூடாது. ஒரு நாட்டுப் பூச்சியை இன்னொரு நாட்டில் விட்ட பிறகு திரும்ப அழைக்க முடியாது. அது ரப்பரையோ தென்னையையோ பழமரங்களையோ தின்னத் தொடங்கினால் யார் பொறுப்பு? இந்த இடத்தில்தான் மூன்றாவது தரப்பு வந்தது: மலேசிய அரசாங்கத்தின் விவசாய இலாகா. மற்றப் பயிர்களில் வண்டை விட்டு, அவற்றில் அது வாழ்கிறதா, பெருகுகிறதா என்று சோதித்தார்கள். வண்டோடு வேறு நோய்க்கிருமி ஒட்டி வந்துவிடாதபடி தனிமைக் காப்பில் வளர்த்தார்கள். செம்பனையின் ஆண் பூவைத் தவிர வேறெதிலும் அது பெருகாது என்று உறுதியான பிறகே அனுமதி கிடைத்தது.

1981ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங்கில் இருந்த யூனிலிவரின் பாமோல் தோட்டத்தில் வண்டுகள் விடப்பட்டன. இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை என்ற வேகத்தில் அவை பெருகின. ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் தீபகற்பத்தின் செம்பனைத் தோட்டங்கள் எங்கும் பரவிவிட்டன. சபாவிலும் அதே ஆண்டில் விட்டார்கள். குலை கனத்தது. பழம் நெருங்கிப் பிடித்தது. ஆலைகளில் குலையிலிருந்து பழத்தைப் பிரிப்பதே சிரமமாகும் அளவுக்குச் சில இடங்களில் நெருங்கிப் பிடித்தது. பருப்பு முன்பைவிட அதிகமாக வந்ததால், பருப்பை உடைத்துப் பிரிக்கும் பகுதியை ஆலைகள் பெரிதாக்க வேண்டியதாயிற்று.

கூட்டு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? கம்பெனியிடம் கேள்வியும் பணமும் தோட்டமும் இருந்தன. ஆராய்ச்சி நிலையத்திடம் பூச்சியைப் படிக்கும் கண் இருந்தது. அரசாங்கத்திடம் நாட்டைக் காக்கும் பொறுப்பும் அனுமதி தரும் அதிகாரமும் இருந்தன. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் காரியம் நடந்திராது.

இன்னொன்றும் கவனியுங்கள். வெளியிலிருந்து அறிவைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. அதை வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் இருக்க வேண்டும். யூனிலிவரிடம் செம்பனையை நன்கு படித்த சொந்த ஆராய்ச்சியாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஆகவே சையத் சொன்னது அவர்களுக்குப் புரிந்தது. அவரோடு சேர்ந்து வயலில் அளந்து பார்க்கவும் முடிந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

வேலி போட முடியாத அறிவு

பக்கத்துத் தோட்டக்காரர்கள் இந்த ஆராய்ச்சிக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. வண்டோ எல்லைக்கல்லைப் பார்த்துப் பறப்பதில்லை. அடுத்த கம்பெனிக்கும், ஃபெல்டா குடியேற்றக்காரருக்கும், பத்து ஏக்கர் வைத்திருந்த சிறு தோட்டக்காரருக்கும் அதே பலன் இலவசமாகக் கிடைத்தது. அப்படியானால் யூனிலிவருக்கு என்ன லாபம்?

முதலாவது, சொந்தத் தோட்டங்களில் மகரந்தம் தூவும் செலவு நின்றது, விளைச்சல் கூடியது. அதுவே போட்ட பணத்துக்குப் போதும். இரண்டாவது, அந்தக் கம்பெனி எண்ணெய் விற்பதோடு சோப்புக்கும் மார்ஜரினுக்கும் எண்ணெய் வாங்குகிற கம்பெனியும்கூட. ஊரெங்கும் எண்ணெய் பெருகினால் வாங்குகிறவருக்கு நஷ்டமில்லை. பிறருக்கும் பயன்படுகிற காரியத்தைச் செய்தால் நமக்கு என்ன மிஞ்சும் என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இது புதிய பழக்கமும் அல்ல. ரப்பர் ஆராய்ச்சிக்கென்று 1920களிலேயே ஒரு கழகம் அமைத்து, ஏற்றுமதியாகும் ரப்பர் மீது வரி வைத்து அதை நடத்தினார்கள். செம்பனைக்கு 1979இல் போரிம் என்ற ஆராய்ச்சிக் கழகம் வந்தது. அதற்கும் உற்பத்தியாகும் எண்ணெய் மீது சிறு கட்டணம் வசூலித்தார்கள். 2000ஆம் ஆண்டில் அது வேறோர் அமைப்போடு இணைந்து மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமாயிற்று. சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடுகிறவர்கள், மண்ணையும் மரத்தையும் அறிந்துகொள்வதற்கு மட்டும் ஒன்றாகப் பணம் போட்டார்கள். எதில் போட்டி, எதில் கூட்டு என்று பிரித்தறிவது தொழிலில் பெரிய கெட்டிக்காரத்தனம்.

அவசரத்துக்குக் கிடைத்த அடி

அறிவு இருந்தாலே வெற்றி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எழுபதுகளில் அதே யூனிலிவர், நன்றாகக் காய்க்கும் ஒரு மரத்தின் திசுவிலிருந்து அச்சு மாறாத கன்றுகளைச் சோதனைக் கூடத்தில் வளர்க்கக் கற்றுக்கொண்டது. 1977இல் அப்படிப்பட்ட கன்றுகள் மலேசியாவில் நடப்பட்டன. எல்லா மரமும் தலைசிறந்த மரமாக இருந்தால் விளைச்சல் எங்கேயோ போய்விடும் என்று எல்லோருக்கும் ஆசை. சோதனைக் கூடங்கள் பெருகின.

கன்றுகள் செழிப்பாகத்தான் வளர்ந்தன. காய்க்கத் தொடங்கிய பிறகுதான் குறை தெரிந்தது. சில மரங்களில் பூவின் உறுப்புகளே மாறிப் பிறந்து, பழம் உருக்குலைந்து, குலை அழுகியது. 1986இல் இந்தக் குறை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. செம்பனை காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் எத்தனை ஏக்கர் நட்டிருந்தாலும் நட்டது நட்டதுதான். ஆகவே பெருமளவில் நடும் திட்டங்கள் அடங்கின. காரணம் எது என்பது 2015இல்தான் தெளிவாயிற்று. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, மரத்தின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டிய வேதியியல் முத்திரை அழிந்துபோவதே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இப்போது கன்றிலேயே சோதித்து, கெட்டதைக் கழித்துவிட வழி பிறந்திருக்கிறது.

வண்டின் கதையையும் கன்றின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அறிவு உண்டு, திறமை உண்டு, பணம் உண்டு. முதலாவதில் "இது தவறிப்போனால் என்ன ஆகும்?" என்று கேட்பதற்கு வெளியாள் ஒருவர் இருந்தார், விடை வரும்வரை வாசல் திறக்கவில்லை. இரண்டாவதில் மரம் பேசுவதற்கு முன்பே மனிதர்கள் பேசிவிட்டார்கள். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பது பெரிய கம்பெனிக்கும் உள்ள சட்டம்தான்.

கைத்திறன் எங்கே போயிற்று?

வண்டு வந்ததால் லாபம் அடைந்தவர்களைப் பார்த்தோம். மகரந்தம் தூவிக்கொண்டிருந்த பெண்களின் கதை என்ன? அந்த வேலை இல்லாமற் போயிற்று. எந்தப் பூ இன்று தயார் என்று சொல்லத் தெரிந்த கண்ணுக்கு அதற்குப் பிறகு விலை இல்லை. வண்டு கூலி கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவும் கேட்பதில்லை.

வண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. முள்ளில் கையைக் கிழித்துக்கொள்ளும் வேலை ஒழிந்ததில் வருத்தப்படவும் வேண்டாம். ஆனால் ஒன்றை நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கம்பெனி தனக்குத் தெரிந்ததை எழுதி வைத்தது. ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டது. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழிக்கு அந்த அறிவைத் திருப்பிக்கொண்டது. நம் தோட்டத்து மக்களின் அறிவோ கையிலேயே இருந்து கையோடேயே போயிற்று. பால் மரத்தில் பட்டை காயாமல் வெட்டத் தெரிந்தவர், நாற்றைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லத் தெரிந்தவர், ஆலையில் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்! தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்கு வந்தபோது, அந்தத் திறமைக்கு ஒரு துண்டுக் காகிதச் சான்றுகூடக் கையில் இல்லாதவர்களே அதிகம். இதுதான் நான் உங்கள் முன் வைக்க விரும்பிய முக்கியமான செய்தி. மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை.

வாங்கிச் சேர்த்த அறிவு

அறிவைப் படிப்படியாகக் கைக்குக் கொண்டுவந்த ஒருவரின் கதையும் இதே மண்ணில் உண்டு. லீ ஷின் செங் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பலசரக்குக் கடைக்காரரின் மகன். சிறு வயதில் பள்ளியை நிறுத்திவிட்டுச் சைக்கிளில் ஐஸ்கிரீம் விற்றார். பிறகு படிப்பைத் தொடர்ந்தார். ஆங்கிலம் போதவில்லை என்று ஒரு பெரிய தோட்டக் கம்பெனி அவருக்கு வேலை தரவில்லை. வேறொரு தோட்டத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்து மரத்தையும் மண்ணையும் கற்றார். பின்னாளில் ஐ.ஓ.ஐ. என்ற கம்பெனியின் பொறுப்புக்கு வந்து, எண்பதுகளில் தோட்டத் தொழிலில் இறங்கினார். 1990இல் அந்தக் கம்பெனி டன்லப் எஸ்டேட்ஸை வாங்கியது. முன்பு அவருக்கு வேலை இல்லை என்று சொன்ன கம்பெனி அதுதான்.

2002இல் ஐ.ஓ.ஐ., யூனிலிவரிடமிருந்து லோடர்ஸ் குரோக்லான் என்ற ஐரோப்பிய நிறுவனத்தை வாங்கியது. சாக்லெட், ரொட்டி முதலியவற்றுக்கு வேண்டிய தனிவகைக் கொழுப்புகளைச் செய்யும் நுட்பம் தெரிந்த நிறுவனம் அது. வாங்கியது கட்டடத்தை மட்டுமல்ல, அங்கிருந்தவர்களின் அறிவையும் வாடிக்கைக்காரர்களின் நம்பிக்கையையும்தான். அடுத்த ஆண்டே பாமோல் தோட்டங்களும் ஐ.ஓ.ஐ. கைக்கு வந்தன. ஆம், வண்டு வந்து இறங்கிய அதே பாமோல்தான். 2018இல் லோடர்ஸின் எழுபது விழுக்காட்டைப் பங்கி என்ற பன்னாட்டு நிறுவனத்துக்கு விற்று, மீதிப் பங்கோடு கூட்டாளியாக நின்றது. வாங்குவதும் உண்டு, வளர்ப்பதும் உண்டு, தக்க சமயத்தில் பகிர்ந்து கொடுப்பதும் உண்டு. லீ 2019இல் காலமானார்.

பத்து வெள்ளிக் கூட்டு

"அவர்கள் பெரிய முதலாளிகள். நமக்கு எங்கே?" என்று பெருமூச்சு விடாதீர்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடலில் நம் மக்கள் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்தார்கள். அந்த நேரத்தில் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி என்று கட்டிப் பங்கு சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. ஒரு தோட்டத்தை நடத்தத் தேவையான அறிவு வெட்டுக்காரரிடமும் கங்காணியிடமும் கிராணியிடமும் ஏற்கெனவே இருந்தது. இல்லாதது முதல். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தபோது அதுவும் வந்தது. சிறு துளி பெருவெள்ளம் என்பது அன்று கணக்குப் புத்தகத்தில் நடந்தது.

நாம் என்ன செய்யலாம்?

நீங்கள் முறுக்கு சுட்டு விற்கலாம், லாரி ஓட்டலாம், தையற்கடை வைத்திருக்கலாம், மாடு வளர்க்கலாம். இந்த நான்கையும் செய்து பாருங்கள்.

முதலாவது, உங்களுக்குத் தெரிந்ததை எழுதி வையுங்கள். மாவுக்கு அளவு என்ன, எண்ணெய் எந்தப் பக்குவத்தில், எந்த வாடிக்கைக்காரர் எப்போது வாங்குகிறார், கடன் யாரிடம் நிற்கிறது? எல்லாம் அம்மாவின் கையிலும் தலையிலும் மட்டும் இருந்தால், அம்மா ஒரு வாரம் படுத்தால் தொழிலும் படுத்துவிடும். ஒரு பயிற்சிப் புத்தகமும் பென்சிலும் போதும்.

இரண்டாவது, வீட்டில் உள்ள சிறியவர்களும் வேலைக்கு இருப்பவர்களும் சொல்வதைக் காதில் வாங்குங்கள். "உனக்கு என்ன தெரியும்?" என்ற ஒரு கேள்வி இருபது ஆண்டு அறிவை அடைத்துவிடும் என்று பார்த்தோம்.

மூன்றாவது, ஒரே வேலைக்கு மட்டும் உதவுகிற திறமையோடு நின்றுவிடாதீர்கள். எந்திரமோ வண்டோ நாளைக்கு வரலாம். பட்டறையில் பத்தாண்டு வேலை செய்த பையன் அந்தத் திறமைக்கு முறையான சான்றிதழ் பெற முயலட்டும். இன்று தொழில் திறன் சான்றிதழுக்கு வழிகள் உண்டு. அருகிலுள்ள தொழிற்பயிற்சிக் கழகத்தில் போய் விசாரிப்பதற்குச் செலவு பஸ் கட்டணம்தான்.

நான்காவது, கூட்டுச் சேரும்போது எழுத்தில் சேருங்கள். மைத்துனர்தானே, நண்பர்தானே என்று வாய்ப்பேச்சில் தொடங்கிய கூட்டு, லாபம் வந்தாலும் உடைகிறது, நஷ்டம் வந்தாலும் உடைகிறது; போகும்போது உறவையும் கூட்டிக்கொண்டு போகிறது. யார் எவ்வளவு போடுகிறார், யார் என்ன வேலை செய்கிறார், பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவது? இந்த மூன்றும் காகிதத்தில் இருக்கட்டும். சாதாரணக் கூட்டு வியாபாரத்தில், கூட்டாளி தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு நீங்களும் பொறுப்பு என்பதை மறக்க வேண்டாம். உங்களிடம் இருப்பது அவரிடமும் இருந்தால் அது கூட்டல்ல, கூட்டம். உங்களிடம் இல்லாதது அவரிடம் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். சாப்பிட்ட பிறகு வீட்டில் உள்ள பெரியவர்களை உட்காரவைத்து, அவர்கள் தோட்டத்திலும் ஆலையிலும் கடையிலும் கற்றது என்னவென்று பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதை எழுதி வைக்கட்டும். உங்கள் குடும்பத்தின் முதல் சொத்துப் பட்டியல் அதுவாகத்தான் இருக்கும்.